தாத்தா பெட்டியில் 1917 ஒரு ரூபாய் நோட்டு: லட்சமா, வெறும் தாளா?

“உங்க வீட்டுல பழைய ஒரு ரூபாய் நோட்டு இருக்கா? ஏழு லட்சம் ரெடி!” இப்படி ஒரு வீடியோவாவது உங்கள் மொபைலில் வந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறக்கிறார்கள். திருவண்ணாமலை மாட வீதிகளிலோ வட ஒத்தவாடைத் தெருவிலோ பழைய வீட்டைக் காலி செய்யும்போது, கணக்கு நோட்டுக்கும் பத்திரத்துக்கும் நடுவில் ராஜா படம் போட்ட ஒரு தாள் கிடைத்தால், அடுத்த பத்து நிமிடத்தில் அது ஃபேமிலி குரூப்பில் வந்துவிடும். அதற்கடுத்த நாள், முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்வார். “சார், ஃபைல் ரெடி. பிராசஸிங் சார்ஜ் மட்டும் கட்டிடுங்க.”

அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன்பு, கையில் இருக்கும் தாள் எதுவென்று தெரிந்துகொள்வது நல்லது. சில நோட்டுகளுக்கு உண்மையிலேயே நல்ல விலை உண்டு. ஆனால் அந்த விலை, ‘ரொம்பப் பழசு’ என்பதால் வருவதில்லை.

வெள்ளி தீர்ந்தது, தாள் வந்தது

1896 செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்த இளைஞர் வேங்கடராமன், பின்னாளைய ரமண மகரிஷி, கையில் மிச்சமிருந்த சில ரூபாய்களை வீசியெறிந்தார் என்பது ஊரில் பலரும் அறிந்த கதை. அவர் எறிந்தது நாணயமாகத்தான் இருந்திருக்க முடியும். காரணம், அன்றைக்கு ஒரு ரூபாய்க்கு நோட்டே கிடையாது. அரசு அச்சிட்ட ஆகச் சிறிய நோட்டு ஐந்து ரூபாய். அதற்குக் கீழே எல்லாம் வெள்ளி ரூபாய், அரை ரூபாய், கால் ரூபாய், அணா, பைசா.

ஒரு வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது சுமார் 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. முதல் உலகப் போரில் வெள்ளி விலை ஏற ஏற, காசை உருக்கினால் காசின் மதிப்பைவிட அதிகம் கிடைக்கும் நிலை வந்தது. மக்கள் ரூபாயைப் பதுக்கினார்கள், சிலர் உருக்கினார்கள். நாணயச் சாலைக்கோ வெள்ளி கிடைக்கவில்லை. 1918-இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு, தன் வெள்ளி டாலர்களையே உருக்கி, சுமார் 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்காக விற்க வேண்டியதாயிற்று. அவ்வளவு தட்டுப்பாடு.

அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் ஒரு ரூபாய் நோட்டு. 1917 நவம்பர் 30 அன்று வெளியானது. நோட்டின் மீது ஐந்தாம் ஜார்ஜ் உருவம் பொறித்த வெள்ளி நாணயத்தின் படத்தையே அச்சிட்டார்கள். ‘இது அந்தக் காசுதான், நம்புங்கள்’ என்று சொல்வது போல. வாசிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் இல்லையா? பின்பக்கத்தில் எட்டு மொழிகளில் மதிப்பு எழுதப்பட்டது. தமிழும் அதில் உண்டு.

இன்னொரு விசித்திரம், அடுத்து 1918 ஜனவரியில் வந்த இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு. இன்றைய கணக்கில் இரண்டரை ரூபாய். பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கில் வளர்ந்தவர்களுக்கு, ஐந்து ரூபாயில் சரிபாதி என்பதால் இது அவ்வளவு விநோதமாகத் தெரிந்திருக்காது. ஆனால் அச்சுச் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1926 ஜனவரி 1 முதல் இரண்டையுமே வெளியிடுவதை அரசு நிறுத்திக்கொண்டது. ஒரு ரூபாய் நோட்டு மீண்டும் வந்தது 1940-இல், அடுத்த உலகப் போரின்போது. இரண்டரை ரூபாய் நோட்டு மறுபடி வரவேயில்லை. சேகரிப்பாளர்கள் இந்த நோட்டைத் துரத்துவதற்கு அதுதான் காரணம்.

நோட்டில் எதைப் பார்ப்பார்கள்?

முதலில் கையெழுத்து. 1917 ஒரு ரூபாய் நோட்டில் குப்பே, மெக்வாட்டர்ஸ், டென்னிங் என்ற மூன்று அதிகாரிகளில் ஒருவரின் கையெழுத்து இருக்கும். நோட்டு ஒன்றுபோலவே தெரிந்தாலும், யார் கையெழுத்து என்பதைப் பொறுத்து எத்தனை நோட்டு தப்பிப் பிழைத்திருக்கிறது என்பது மாறும்.

இரண்டாவது, வரிசை எண்ணோடு வரும் வட்டார எழுத்து. அன்றைக்கு இந்தியாவின் நோட்டு நிர்வாகம் ‘சர்க்கிள்’ என்னும் வட்டாரங்களாகப் பிரிந்து கிடந்தது. ஏ என்றால் கான்பூர், பி பம்பாய், சி கல்கத்தா, கே கராச்சி, எல் லாகூர், ஆர் ரங்கூன். எம் என்றால் நம்ம மெட்ராஸ்.

இந்த வட்டார விவகாரம் வெறும் எழுத்து விளையாட்டு இல்லை. அதற்கு முந்தைய காலத்தில், 1861 சட்டத்தின்படி, ஒரு வட்டாரத்தின் நோட்டு அந்த வட்டாரத்துக்குள்தான் சட்டப்படி செல்லும். திருவண்ணாமலையில் மணிலாக்கொட்டை வியாபாரம் செய்த ஒருவருக்குக் கல்கத்தா நோட்டு கிடைத்தால், அதை வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதிராளிக்குக் கிடையாது. மாற்றித் தருகிறவர் கழிவு பிடிப்பார். ஐந்து ரூபாய் நோட்டு 1903-இல் பர்மா தவிர்த்த இந்தியா முழுவதற்கும் பொதுவானது. பத்தும் ஐம்பதும் 1910-இல், நூறு 1911-இல். அதன் பிறகுதான் ‘இந்திய ரூபாய் நோட்டு’ என்று ஒன்று உண்மையில் புழங்கியது என்று சொல்லலாம். இன்றைக்கு யுபிஐ ஒரு நிமிடம் வேலை செய்யாவிட்டாலே கோபம் வருகிற தலைமுறைக்கு, இதைக் கற்பனை செய்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

அந்த நாள் வியாபாரிகள் இன்னொரு வேலையும் செய்தார்கள். பெரிய நோட்டைத் தபாலில் அனுப்பினால் வழியில் திருட்டுப் போகுமே என்று, நோட்டைச் சரிபாதியாக வெட்டுவார்கள். ஒரு பாதி முதல் தபாலில் போகும். வந்து சேர்ந்ததென்று பதில் வந்த பிறகு மறுபாதி போகும். பெறுகிறவர் எண்களைச் சரிபார்த்து, இரண்டையும் ஒட்டி மாற்றிக்கொள்வார். கிட்டத்தட்ட இன்றைய ஓடிபி. எனவே நடுவில் வெட்டி ஒட்டிய பழைய நோட்டு கிடைத்தால், ‘கிழிஞ்ச நோட்டு’ என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அந்த வெட்டே ஒரு வரலாறு.

மூன்றாவது, தாளின் நிலை. விலையில் பாதிக்கு மேல் இங்கேதான் தீர்மானமாகிறது. மடிப்பே விழாத நோட்டுக்கும், நான்காக மடித்து மடிசீலையில் கிடந்த நோட்டுக்கும் பல மடங்கு வித்தியாசம் வரும். 1917 ஒரு ரூபாய் நோட்டை 25 தாள் கொண்ட சிறு புத்தகமாகக் கட்டித்தான் கொடுத்தார்கள், இன்றைய செக் புக் மாதிரி. ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுக்க வேண்டும். ஆகவே இடது ஓரத்தில் கிழித்த தடம் இருப்பது இயல்பு, அது குறையல்ல. பிரிக்காத முழுப் புத்தகம் கிடைத்தால் ஏலக்கூடங்களே எழுந்து உட்காரும்.

இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தூரத்துப் புதுச்சேரியிலோ முற்றிலும் வேறு நோட்டு. இந்தோசீன வங்கி என்னும் பிரெஞ்சு வங்கி, 1898 வாக்கிலிருந்து பிரெஞ்சிந்தியாவுக்கென ரூபாய் நோட்டு வெளியிட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஒரு ரூபாய், 1937-இல் ஐந்து ரூபாய். ஐம்பது ரூபாயில் டூப்ளே. ஆர்க்காட்டுச் சீமையின் மணிலா புதுச்சேரி வழியாகப் பிரான்ஸுக்குக் கப்பலேறிய காலம் அது. வியாபாரக் குடும்பங்களின் பெட்டியில் பிரெஞ்சு நோட்டு கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

கடலில் மூழ்கியும் நனைந்து தப்பியவை

1918 ஜூலை 2. லண்டனிலிருந்து பம்பாய்க்குக் கிளம்பிய எஸ்.எஸ். ஷிராலா என்ற கப்பலை, ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. உள்ளே வெடிமருந்து இருந்தது, மார்மலேட் ஜாம் இருந்தது, கூடவே இந்தியாவுக்கான ரூபாய் நோட்டுக் கட்டுகளும் இருந்தன. அந்தக் காலத்தில் நம் நோட்டுகள் இங்கிலாந்தில்தான் அச்சாயின. நாசிக் அச்சகம் 1920-களின் கடைசியில்தான் வேலையைத் தொடங்கியது.

கட்டுகள் மிதந்து கரை ஒதுங்கின. கையெழுத்திட்ட ஒரு ரூபாய் நோட்டுகளும், இன்னும் கையெழுத்தே போடாத ஐந்து, பத்து ரூபாய் நோட்டுகளும் அவற்றில் இருந்தன. பெரும்பாலானவற்றைப் போலீசார் மீட்டார்கள், அவை அழிக்கப்பட்டன. சில மட்டும் யார் யார் கையிலோ தங்கிவிட்டன. அப்படித் தப்பிய இரண்டு பத்து ரூபாய் நோட்டுகள், 1918 மே 25 தேதியிட்டவை, 2024 மே மாதம் லண்டன் நூனன்ஸ் ஏலக்கூடத்துக்கு வந்தன. ஏலத்துக்கு முன் போடப்பட்ட மதிப்பீடு, ஒவ்வொன்றுக்கும் 2,000 முதல் 2,600 பவுண்டு. நம்ம கணக்கில் இரண்டு லட்சத்துக்கு மேல்.

கவனிக்க வேண்டியது இதைத்தான். அந்தப் பத்து ரூபாய் நோட்டுகளால் ஒருநாளும், யாரும், எதுவும் வாங்கியதில்லை. கையெழுத்து விழாததால் அவை பணமாகவே ஆகவில்லை. சேகரிப்பாளரின் பார்வையில் அதுதான் அவற்றின் பெருமை.

பணமாகாத பணம்

இதே தர்க்கம்தான் ‘சோதனை அச்சு’ என்ற தனி உலகத்தையும் இயக்குகிறது. ஒரு நோட்டு மக்கள் கைக்கு வருவதற்கு முன் பல கட்டங்களைத் தாண்டும். ‘இப்படி இருக்கலாமா’ என்று ஓவியர் வரைந்து கொடுக்கும் வடிவ யோசனையை எஸ்ஸே என்பார்கள். செதுக்கிய தகடு சரியாக வந்திருக்கிறதா என்று, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் அடித்துப் பார்ப்பது புரூஃப். பச்சையில் எடுப்பாக இருக்குமா, ஊதாவிலா என்று பல மையில் அடிப்பது கலர் ட்ரயல். எல்லாம் முடிந்த பிறகு, ‘புது நோட்டு இப்படித்தான் இருக்கும், பார்த்து வாங்குங்கள்’ என்று வங்கிகளுக்கும் கருவூலங்களுக்கும் அனுப்பும் மாதிரி ஸ்பெசிமன். அதன் மேல் ‘ஸ்பெசிமன்’ என்று அச்சிட்டிருக்கும். எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுழியம் இருக்கும், அல்லது கையெழுத்து மேல் ஓட்டை குத்தியிருக்கும். யாரும் செலவழித்துவிடக் கூடாதே!

இவற்றில் பெரும்பாலானவை வேலை முடிந்ததும் அழிக்கப்படும். மிஞ்சியவை அச்சு நிறுவனங்களின் பரணில் கிடந்தன. வாட்டர்லோ நிறுவனத்தை 1961-லும், பிராட்பரி வில்கின்சனை 1986-லும் டி லா ரூ வாங்கியது. அமெரிக்கன் பேங்க் நோட் நிறுவனத்தின் பழைய சேமிப்பு 1990-இல் கிறிஸ்டீஸ் ஏலத்துக்குப் போனது. இப்படித்தான் பரணில் இருந்தவை சந்தைக்கு வருகின்றன.

சோதனை அச்சு என்றால் எவ்வளவு சுவாரசியம் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் வரலாற்றிலேயே ஒரு கதை உண்டு. 1935-இல் வங்கி தொடங்கும்போது முத்திரைக்கு ஒரு படம் தேவைப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இரட்டை மொஹர் தங்க நாணயத்தில் சிங்கமும் பனைமரமும் இருந்தன. அதையே எடுத்துக்கொண்டு, சிங்கத்துக்குப் பதில் புலியைப் போடலாம் என்று முடிவாயிற்று. கல்கத்தா பெல்வெடியர் மாளிகை வாசலில் இருந்த புலிச் சிலையைப் படமெடுத்து, அதை வைத்து வரையச் சொன்னார்கள். வந்த மாதிரியைப் பார்த்தால், மரம் பரவாயில்லை, புலிதான் நாய் மாதிரி இருந்தது! நாயும் மரமும் என்று ஊரே கேலி செய்யுமே என்று துணை கவர்னர் ஜேம்ஸ் டெய்லர் கவலைப்பட்டார். திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். கடைசியில் அந்த டெய்லரே கவர்னராகி, 1938 ஜனவரியில் வந்த ரிசர்வ் வங்கியின் முதல் ஐந்து ரூபாய் நோட்டில் கையெழுத்திட்டார்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இப்படி ஒன்று நடந்தது. அரசரின் படத்தை எடுத்துவிட்டுக் காந்தியின் படத்தைப் போடலாம் என்று வடிவங்களும் தயாராயின. இறுதியில் சாரநாத் சிங்கத் தூண் தேர்வாகி, 1949-இல் ஒரு ரூபாய் நோட்டில் வந்தது. காந்தி நோட்டுக்கு வந்தது அவரது நூற்றாண்டான 1969-இல்தான்.

சரி, அப்படிப்பட்ட மாதிரித் தாள் டிரங்குப் பெட்டியில் கிடைக்குமா? கருவூலத்திலோ வங்கியிலோ வேலை பார்த்தவர் வீட்டில் ஸ்பெசிமன் கிடைப்பதற்கு வாய்ப்பு உண்டு. மற்றவர்கள் வீட்டில் அது இருந்தால், மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுவதே சரி. சாதாரண நோட்டின் மீது ‘ஸ்பெசிமன்’ முத்திரை குத்தி, ஊசியால் ஓட்டை போட்டு விற்கிறவர்கள் உண்டு. இதில் ‘எப்படி இருக்கிறது’ என்பதைவிட ‘எங்கிருந்து வந்தது’ என்ற கேள்விக்கே மரியாதை.

விற்கப் போகிறவருக்கு

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணயம் விற்பதற்கு வங்கியின் பெயரைச் சொல்லிச் சிலர் கட்டணம், கமிஷன், வரி கேட்கிறார்கள். அப்படிப்பட்ட வேலையில் வங்கி ஈடுபடுவதே இல்லை, யாரையும் நியமிக்கவும் இல்லை என்றது. ஆகவே ‘ஆர்பிஐ சர்டிஃபிகேட்’ என்று லெட்டர்பேடில் எதை அனுப்பினாலும் அது பொய்தான். வாங்குகிறவர்தான் பணம் கொடுக்க வேண்டும். விற்கிறவரிடம் முன்பணம் கேட்டாலே போனை வைத்துவிடலாம். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். முதல் சில மணி நேரம் முக்கியம்.

நேர்மையான வழி கொஞ்சம் மெதுவானது. இரண்டு பக்கமும் தெளிவாக ஸ்கேன் செய்து, குறைந்தது இரண்டு மூன்று ஏலக்கூடங்களிடம் கேட்க வேண்டும். அவர்களுடைய பழைய ஏல முடிவுகள் இணையத்தில் கிடைக்கும். அதே கையெழுத்து, அதே வட்டாரம், அதே தர நோட்டு எவ்வளவுக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். வீடியோவில் சொல்லும் விலைக்கும் இதற்கும் உள்ள தூரம் அங்கேயே தெரிந்துவிடும். ரெஸ்வான் ரசாக், கிஷோர் ஜுன்ஜுன்வாலா இருவரும் சேர்ந்து எழுதிய இந்தியக் காகிதப் பண வழிகாட்டி நூல்தான் இந்தத் துறையில் பலரும் புரட்டுவது.

நோட்டை அழகாக்குகிறேன் என்று தொடாமல் இருப்பது அதைவிட முக்கியம். இஸ்திரி போடுவது, ஈரத்துணியால் துடைப்பது, கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டுவது எல்லாமே விலையைக் குறைக்கும். லேமினேஷன் போட்டுவிட்டால் கதை முடிந்தது, திரும்ப எடுக்க வழியே இல்லை. மலிவான பிவிசி கவரும் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துத் தாளோடு ஒட்டும். மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறையில் போட்டு, வெளிச்சமும் ஈரமும் படாத இடத்தில் தட்டையாக வைத்தால் போதும். நம்ம ஊர் வெயிலைவிட, மரப்பெட்டியில் குடியிருக்கும் ராமபாணப் பூச்சிதான் பெரிய எதிரி.

சட்டத்தில் இரண்டு விஷயம். நூறு வயது கடந்த நாணயம் 1972 தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள், தனியார் அதை நாடு கடத்தி விற்க முடியாது. வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களுக்கு அந்த எல்லை 75 ஆண்டுதான். எனவே ‘ஃபாரின் பார்ட்டி கேட்கிறார்’ என்று 1917 நோட்டை கூரியரில் போடுவதற்கு முன், இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். அடுத்தது, 2016-இல் செல்லாமல் போன 500, 1000 நோட்டுகள். நினைவுக்கு என்று பத்து வரை வைத்திருக்கலாம், ஆய்வுக்கும் நாணயச் சேகரிப்புக்கும் 25 வரை. அதற்கு மேல் இருந்தால் 2017 சட்டப்படி அபராதம், குறைந்தது 10,000 ரூபாய். அப்பா அலமாரியில் கட்டாகக் கிடந்தால் இதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

விற்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ரெஸ்வான் ரசாக்கின் இந்தியக் காகிதப் பண அருங்காட்சியகம் 2020-இல் பெங்களூருவில் திறக்கப்பட்டது. திருவண்ணாமலையிலிருந்து காலை பஸ் பிடித்தால் மதியத்துக்குள் போய்விடலாம். ரசாக்குக்கும் தாத்தா பெட்டகத்தில் கிடைத்த, பாகிஸ்தான் என்று மேலச்சிட்ட இந்திய நோட்டுகளில்தான் ஆர்வம் தொடங்கியது. வெற்றுப் பின்பக்கம் கொண்ட பழைய வட்டார நோட்டு, 1917 ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எட்டணா எல்லாவற்றையும் அங்கே ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். வீட்டு நோட்டின் படத்தை மொபைலில் எடுத்துக்கொண்டு போங்கள், கண்ணாடிக்குள் இருப்பதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்தும் கையெழுத்தும் பொருந்துகிறதா என்று உங்களுக்கே தெரியும்.